பேய்க் கப்பலும் ஒரு வாக்குறுதியும்

ஜப்பான் தேசத்துச் சித்திரக் கதைகளுக்கு மங்கா என்று பெயர். அவற்றை நம் மாணவர் பெருவிருப்புடன் வாசித்து வருவதும், பெரியோர் சிலர் அது கண்டு முகஞ் சுளிப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. பேயும் பிணமும் எலும்புக் கூடும் நிறைந்த சித்திரங்களைக் காண்பதனால் வாலிபர் மனத்துக்கு விளையும் நன்மை யாது என்று அப்பெரியோர் வினவுகின்றனர். அவர் நிற்க, அக்கதைகளை நாள்தோறும் வாசிப்பவருள்ளேயே ஒரு சாரார், "அந்தப் பேய்க் கப்பற் பகுதி வீண், அதனைத் தாண்டி அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்" என்று புதியவர்க்குப் புத்தி கூறுகின்றனர். முன்னவர் வாசியாமல் இகழ்கின்றனர். பின்னவர் வாசித்தும் இகழ்கின்றனர். இவ்விரு திறத்தாருக்கும் மறுமொழியாகச் சில சொல்லவே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் குறிக்கும் நூல் ஒன் பீஸ் என்பது. எயிச்சிரோ ஓடா என்பார் 1997-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் இதனைத் தொடங்கினார். 2021-இல் இது நூறாம் தொகுதியை எட்டியது; அதன் பின்னும் வளர்ந்து வந்திருக்கிறது. லூஃபி என்னும் இளைஞன் கடற்கொள்ளைக்காரரின் அரசனாக வேண்டும் என்னும் பேராசையுடன் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கடல்மேற் செல்வதே கதை. கொள்ளைக்காரர் என்ற பெயர்தான் பெரிது. அவர்கள் கொள்ளையிடுவதை யாம் அதிகம் கண்டிலோம். இந்நெடுங்கதையில் 46-ஆம் தொகுதி தொடங்கி 50-ஆம் தொகுதி வரை செல்வதே நாம் எடுத்துக்கொண்ட பேய்க் கப்பற் பகுதி. 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் இது வாரந்தோறும் வெளிவந்தது. இதற்குத் திரில்லர் பார்க் என்று பெயர். பார்க் என்பது ஒருவகைப் பாய்க்கப்பல்.

கதையைச் சுருங்கக் கூறுவோம். மூடுபனி நீங்காத ஒரு கடற்பரப்பில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் காணாமற் போகின்றன. அவ்விடத்தில் லூஃபியின் கப்பலுக்கு அருகே சிதைந்த பாய்களுடன் பழங்கப்பல் ஒன்று மிதந்து வருகிறது. அதன் மேல்தளத்திலிருந்து ஒரு பாட்டு ஒலிக்கிறது. ஏறிப் பார்த்தால், தலைமயிர் மட்டும் பெருங் கொத்தாய் நிற்கும் எலும்புக் கூடு ஒன்று தேநீர்க் கிண்ணத்துடன் நின்று வந்தனம் கூறுகிறது. அதுவே புரூக் என்னும் இசைவாணன். அவனுக்கு நிழல் இல்லை. வெயில் பட்டால் எரிந்து போவான். அவனுடைய நிழலைக் கவர்ந்தவன் கெக்கோ மோரியா. தீவொன்றையே சுமந்து செல்லும் மாபெருங் கப்பலின் தலைவனான இவன், உயிருள்ளவரின் நிழல்களை வெட்டியெடுத்துப் பிணங்களுள் புகுத்தி, தன் ஏவல் கேட்கும் பிணப்படை ஒன்றைத் திரட்டி வருகிறான். லூஃபியின் நிழலையும் அவன் கவர்ந்து, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓர் அரக்கனின் உடலிற் புகுத்துகிறான். பொழுது விடியுமுன் நிழல்களை மீட்க வேண்டும். மீட்டாலன்றி எல்லாரும் கதிரொளியிற் கருகுவர். இவ்வளவே கதைக்கட்டு.

கடலில் ஆளில்லாக் கப்பல் மிதந்து வருதல் கற்பனை மட்டுமன்று. 1872-ஆம் ஆண்டு டிசம்பரில் மேரி செலஸ்ட் என்னும் கப்பல் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்த்துக்கலுக்கும் இடைப்பட்ட கடலில் ஆளின்றிக் காணப்பட்டது. தலைவர் பிரிக்ஸ், அவர் மனைவி, குழந்தை, மாலுமிகள் எழுவர் ஆகப் பதின்மரும் மறைந்துவிட்டனர். உணவும் நீரும் குறைவின்றி இருந்தன. மதுசாரப் பீப்பாய்களும் இருந்தன. சிறு படகு மட்டும் இல்லை. நன்னம்பிக்கை முனையருகே துறைசேரும் பாக்கியமின்றி என்றென்றும் அலையும் ஒல்லாந்தக் கப்பலின் கதையை மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். ஜெர்மானிய இசைப்புலவர் வாக்னர் அதனை 1843-இல் இசை நாடகமாக அரங்கேற்றினார். ஜப்பானியருக்கோ இது வீட்டுக் கதை. கடலில் மாண்டோரின் ஆவிகள் இரவில் படகை நெருங்கி அகப்பை ஒன்று தருமாறு கேட்குமாம். கொடுத்தால் அதனாலேயே நீரை மொண்டு ஊற்றிப் படகை அமிழ்த்திவிடுமாம். ஆதலால் மீனவர் அடியில்லாத அகப்பை ஒன்றைக் கொடுத்துத் தப்புவராம். பூனயூரே என்று அவ்வாவிகளுக்குப் பெயர். இக்காலத்திலும், 2011-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துப் பேரலையால் அடித்துச் செல்லப்பட்ட ரியோ-உன் மாரு என்னும் ஜப்பானிய மீன்பிடி கப்பல் ஆளின்றிப் பசிபிக் கடலைக் கடந்து அலாஸ்காவை நெருங்கியது. பிற கப்பல்களுக்கு இடையூறாகும் என்று அமெரிக்கக் கடலோரக் காவலர் 2012 ஏப்ரலில் அதனைச் சுட்டு அமிழ்த்தினர். கடலாற் சூழப்பட்ட நாட்டில் பேய்க் கப்பல் என்ற சொல்லுக்குள்ள கனம் வேறு.

அந்தக் கனத்தை ஓடா நன்கறிந்தவர். அறிந்தும், முதற் பக்கங்களிலேயே அச்சத்தைக் கலைத்து நகைப்பாக்கிவிடுகிறார். பேய்க் கப்பலிற் பேயை எதிர்பார்த்த நமக்கு அவர் தருவது, உபசார வார்த்தை தவறாத ஒரு முதியவரை. கண்ணில்லாத நான் கண்ணாற் கண்டேன் என்பது போல, எதைச் சொன்னாலும் உடனே தனக்கு அவ்வுறுப்பு இல்லை என்று தானே எள்ளிச் சிரிக்கும் வழக்கம் அவருக்கு. பெரோனா என்பாளின் ஆவிகள் உடலை ஊடுருவிச் சென்றால் எத்தகைய வீரனும் மனமுடைந்து மண்ணில் முழந்தாளிட்டுப் புலம்புவான். இயல்பிலேயே தன்னம்பிக்கையற்ற உசோப்பிடம் மட்டும் அவை செல்லா. கீழே விழுந்து கிடப்பவனை எவ்வாறு தள்ளுவது? அவ்வாவிகளின் தலைவியே அவனிடம் தோற்று நிற்குமிடம் இப்பகுதியின் இனிய நகைச்சுவைகளுள் ஒன்று. எனினும் இந்நகைப்பெல்லாம் மேற்பூச்சு என்பதே நம் கருத்து. அதன் அடியில் ஒரே கேள்வி இருக்கிறது: தோழரைச் சாகக் கொடுத்தவன் அதன்பின் எவ்வாறு வாழ்வது?

இக்கேள்விக்கு இருவர் இருவகையாய் விடை தருகின்றனர். ஒருவன் மோரியா. நிழலை இழந்த மனிதன் என்பது மேனாட்டிலக்கியத்திற் பழகிய பொருளே. சாமிசோ என்பார் 1814-இல் வெளியிட்ட சிறு நூலில் ஒருவன் வற்றாத பொற்பைக்காகத் தன் நிழலை விற்று, பின் மனிதர் முகத்தில் விழிக்க இயலாமல் ஒளிந்து திரிகிறான். அங்கே நிழலை இழந்தவனே அதனை விற்றவன், பழி அவனுடையது. ஓடாவின் கதையில் நிழல் பறிக்கப்படுகிறது, இழந்தோர் குற்றமற்றோர். ஆகவே நம் பார்வை இழந்தவனை விட்டுப் பறித்தவன்மேற் செல்கிறது. அவன் ஏன் பறிக்கிறான்? சோம்பேறி என்று முதலில் தோன்றுகிறான். பிறர் உழைப்பிலே அரசனாக விரும்புபவன் என்றும் சொல்லிக்கொள்கிறான். நெடுநேரம் சென்ற பின்னரே உண்மை வெளிப்படுகிறது. முன்னொரு காலத்தில் அவனும் உயிருள்ள தோழரோடு கடலேறியவன். கைடோ என்னும் வல்லவனோடு பொருது, தன்னை நம்பி வந்த அனைவரையும் இழந்தான். அன்று அவன் ஒரு முடிவுக்கு வந்தான்: உயிருள்ளவரைத் தோழராகக் கொள்வதனாலன்றோ இழப்பு உண்டாகிறது, முன்பே இறந்தவரைக் கொண்டால் இழப்பதற்கு ஏதுமில்லை.

இதனை நாம் எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. துக்கத்தில் ஆழ்ந்த எவருக்கும் ஒருநாள் தோன்றக்கூடிய எண்ணமே இது. இனி ஒருவரோடும் நெருங்கேன், நெருங்கினாற் பிரிய நேரும் என்று கதவை அடைத்துக்கொண்டவரை நாம் அறியோமா? மோரியா செய்தது அவ்வெண்ணத்தைப் படையாக்கியதே. இறந்தாரை இறந்தாராக விட அவனுக்கு மனமில்லை. அதனால் அவர்களைத் தைத்து, வலுவேற்றி, முகந்தெரியாத பிறரின் நிழலை உள்ளே திணித்து நடக்க விடுகிறான். புகுந்த நிழலுக்குத் தொடக்கத்தில் தன் பழைய குணம் சிறிது இருக்கும். நாட்செல்ல அது மங்கி, ஏவியதைச் செய்யும் கருவியாகும். லூஃபியின் நிழல் புகுந்த அரக்கன் எழுந்தவுடன் கடலுக்குச் செல்லவேண்டும் என்று துடிப்பதும், சிறிது நேரத்தில் அத்துடிப்பு அவிந்து அடிமையாய் நிற்பதும் காண்போர்க்கு நடுக்கம் தருவன. இப்பகுதியில் மெய்யாகவே அச்சந் தரும் இடம் எது என்று எம்மைக் கேட்டால், கல்லறை பிளந்து பிணம் எழும் இடத்தைச் சொல்லோம், இதனையே சொல்வோம்.

அவன் ஏவலாளனான ஹாக்பேக் என்னும் வைத்தியன் செய்தது இன்னும் கொடிது. மேடையிற் புகழ்பெற்ற சிண்டிரி என்னும் நடிகையை அவன் விரும்பினான். அவள் அவனை ஏற்கவில்லை. பின் ஒரு விபத்தில் இறந்தாள். அவள் உடலைத் திருடிவந்து வேறொருவர் நிழலை இட்டுத் தன் பணிப்பெண்ணாக வைத்துக்கொண்டான். முகம் அதுவே, உள்ளிருப்பது யாராயின் என்ன என்பது அவன் வாதம். அவனைப் பேராசானாக மதித்து வந்த சிறு வைத்தியன் சாப்பர் இதனைக் கேட்டுக் கொதிக்கிறான். உயிரை மீட்க முடியாத துயரை அனுபவித்து வைத்தியம் கற்றவன் அவன். பிணத்தை ஆட்டுவிப்பதை உயிர்ப்பித்தல் என்று ஒரு வைத்தியன் சொல்லக் கேட்டுப் பொறான். நம் கலாசாலையிலிருந்து வைத்தியப் படிப்புக்குச் செல்ல இருப்போர் இப்பக்கங்களை மட்டுமேனும் வாசித்தல் நன்று.

மற்றவர் புரூக். இவரும் தோழரை இழந்தவரே. அதுவும் ஒரே நாளில், எல்லாரையும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ரம்பார் என்னும் கூட்டத்தில் இசைவாணராக இருந்தார். தலைவர் யோர்க்கி கொடிய நோயுற்று, நோயுற்ற பிறருடன் பிரிந்து சென்றார். எஞ்சியவரைத் தலைமை தாங்கி நடத்தும் பொறுப்பு புரூக்குக்கு வந்தது. பின்னர் நஞ்சு தோய்ந்த படைக்கலங்களுடன் வந்த பகைவரால் அனைவரும் வீழ்ந்தனர். சாகும் தறுவாயில் அவர்கள் செய்தது என்ன? ஒலியைப் பதிந்து வைக்கும் சங்கு ஒன்றை நடுவில் வைத்து, தமக்கு விருப்பமான பழைய மாலுமிப் பாட்டைக் கூடி இசைக்கத் தொடங்கினர். இசைக்கும்போதே ஒருவர்பின் ஒருவராய்ச் சாய்ந்தனர். பலர் இசைத்தது நால்வர் இசையாயிற்று, நால்வர் மூவராயினர், மூவர் இருவராயினர், இறுதியில் ஒருவரே இசைத்தார், அதன்பின் மௌனம். இச்சித்திரங்களில் ஓவியர் கண்ணீர்ச் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. எல்லாரும் சிரித்த முகத்துடனே இசைக்கின்றனர். ஒலி குன்றிக்கொண்டே செல்வதைக் காதாற் கேளாமல் கண்ணாற் கேட்கச் செய்த திறத்தை நாம் எத்தனை முறை பார்த்தும் அலுத்திலோம்.

ஒருமுறை இறந்தாலும் மீண்டும் உயிர்பெறும் விந்தைக் கனி ஒன்றைப் புரூக் முன்பே உண்டிருந்தார். அவர் ஆவி உடலைத் தேடிப் புறப்பட்டது. பனிமூட்டத்தில் வழி தவறி ஓராண்டு அலைந்தது. கண்டபோது உடல் எலும்பாகிவிட்டது. சுக்கான் உடைந்த கப்பலில் தோழரின் எலும்புகளோடு தனித்து அரை நூற்றாண்டு மிதந்தார். சாக விரும்பியிருந்தால் வெயிலில் வந்து நின்றாற் போதும். நிழலிழந்த ஐந்தாண்டுகளும் அவ்வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அவர் அதனைக் கொள்ளவில்லை. காரணம், ஒரு திமிங்கிலம்.

லபூன் என்னும் அத்திமிங்கிலம் குட்டியாயிருந்தபோது அக்கூட்டத்தைப் பிரியாமல் தொடர்ந்து வந்தது. மேலே செல்லும் கடல் கொடிது என்று, அதனை ஒரு கலங்கரை விளக்கக் காவலரிடம் விட்டு, உலகைச் சுற்றித் திரும்பி வருவோம் என்று சொல்லிச் சென்றனர். வரவில்லை. அது காத்திருந்தது, மலை போல் வளர்ந்தது, தோழர் சென்ற திசையை மறைத்து நின்ற பெரும் பாறைச் சுவரில் தலையை மோதி மோதி அழுதது. அவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர் என்றே காவலரும் கேள்விப்பட்டிருந்தார். புரூக்குக்கு அது உயிரோடிருக்கிறதோ என்பதும் தெரியாது. ஆயினும் சொன்ன சொல் சொன்ன சொல்லே. அவர் தம் தலைமயிருக்கு மட்டும் ஊறு நேராமற் பேணுகிறாரே, அது நகைச்சுவைக்காக என்று எண்ணியிருந்தோம். எலும்பாகிவிட்ட தம்மை லபூன் அடையாளம் காண வேறு குறி இல்லை என்பதே அதன் காரணம் என்று பின்னர் அறிகின்றோம். தோழரின் இறுதி இசையைப் பதிந்த சங்கையும் தம் மண்டையோட்டுக்குள் வைத்துச் சுமக்கிறார். லபூனிடம் சேர்ப்பிக்க வேண்டிய செய்தி அது.

இனி இருவரையும் ஒப்பு நோக்குக. மோரியாவிடம் ஆடும் பிணங்கள் பல. நினைவு ஒன்றேனும் உண்டோ? அவன் இழந்த தோழரின் பெயர்களை அவன் சொல்லக் கேட்டிலோம். புரூக்கிடம் இருப்பன மண்ணிற் சேரவேண்டிய எலும்புகளும் ஒரு பாட்டும். பகுதியின் முடிவில் அவ்வெலும்புகளுக்குக் கல்லறை அமைக்கப்படுகிறது. பாட்டு உயிருள்ளோர் விருந்தில் மறுபடி ஒலிக்கிறது. இறந்தாரை இறந்தாராக விட்டு, அவர் சொல்லைத் தாம் சுமப்பது ஒரு நெறி; அவரை விடாமற் பிடித்து ஆட்டுவது மற்றொரு நெறி.

உப்பைப் பற்றி ஒரு சொல். இப்பிணங்களை வாளால் வெட்டினும் வீழா. வாயில் ஒரு பிடி உப்பு இட்டால் புகுந்த நிழல் வெளியேறி உரியவரிடம் திரும்பும். உடல் பிணமாய் அமைதியுறும். ஜப்பானில் ஈமச் சடங்குக்குச் சென்று மீள்வோர் தம்மேல் உப்புத் தூவிக்கொள்வதும், சுமோ மல்லர் களத்தில் உப்பை வீசுவதும் தீட்டு நீக்கும் பொருட்டே. அம்மரபை ஓடா இங்கே படைக்கலமாக்கினார். நம் நாட்டிலோ உப்பு நன்றிக்கு அறிகுறி. உண்ட உப்பை மறத்தல் பெரும் பழி. தம்மை மறந்து பிறர்க்கு ஏவல் செய்யும் நிழல்களுக்கு உப்பு வாயிற் பட்டவுடன் தம் உடையவர் நினைவு வருவதாகத் தமிழர் இதனை வாசிப்பாராயின், ஆசிரியர் கருதாத பொருளே ஆயினும் நாம் தடுக்கமாட்டோம்.

குறைகள் இல்லையா எனில், உண்டு, மறைக்க வேண்டுவதில்லை. உருவம் மறைத்துக்கொள்ளும் அப்சலோம் என்பவன் குளிக்கும் பெண்ணைத் துன்புறுத்துவதையும், உணர்விழந்த அவளை மணமேடைக்குத் தூக்கிச் செல்வதையும் நகைச்சுவையாக வரைந்திருப்பது இழிவு. நாம் இவ்வளவு போற்றிய புரூக்கும் பெண்களைக் கண்டவுடன் கேட்கும் கேள்வி நம் பத்திரிகையில் அச்சிடத் தகாதது. இவை சிறுவர் பத்திரிகையின் வழக்கம் என்று சமாதானம் கூறுவர். வழக்கமாயின் தீய வழக்கம் என்போம். இறுதிப் போரும் அளவிறந்து நீள்கிறது. அரக்கனை வீழ்த்தியாயிற்று என்று மூச்சு விடுமுன் மோரியா ஆயிரம் நிழல்களை விழுங்குகிறான். அவனையும் வீழ்த்தியபின் குமா என்னும் புதியவன் வந்து நிற்கிறான். வாரந்தோறும் காத்திருந்தவர் சலிப்புற்றதில் வியப்பில்லை. ஆனால் அக்குமா வந்ததனாலன்றோ, மயங்கிக் கிடந்த தலைவனுக்காகச் சோரோ தன் உயிரை ஈடாக வைத்து, அவன் பட்ட வேதனை முழுவதையும் தன்னுடலில் ஏற்று, பின் வினவியவரிடம் ஒன்றும் நிகழவில்லை என்று கூறி நின்றதைக் கண்டோம்? அப்பக்கத்தை இழக்க நாம் உடன்படோம்.

பேய்க் கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்னும் அச்சத்துக்கு வருவோம். வேதபாடம் நடக்கும் கலாசாலையில் இது நியாயமான கவலையே. ஆயினும் இக்கதை பேய் உண்டென்று நம்மை நம்பவைக்கிறதா? பேயென்று அஞ்சியவை ஒவ்வொன்றும் அருகிற் சென்று பார்க்கையில் வேறாய்விடுகின்றன. பேய்க் கப்பல் ஒரு முதியவரின் வீடு. கப்பல்களை விழுங்கிய பனிக்கடல் ஒருவனின் வேட்டைக்களம். இறந்தோருக்கு இளைப்பாறுதல் உரியது, அதனைக் கெடுப்பது பாவம் என்னும் எண்ணம் கிறிஸ்தவருக்கு அந்நியமன்று. கோல்ரிட்ஜ் 1798-இல் வெளியிட்ட முதிய மாலுமியின் பாட்டிலும் மாண்ட மாலுமிகள் எழுந்து கயிறிழுக்கின்றனர். அதனைக் கலாசாலைகள் தலைமுறை தலைமுறையாய்ப் பாடமாக வைத்தன. அதனாற் பேய் நம்பிக்கை பெருகிற்றென்று ஒருவரும் முறையிடக் கேட்டிலோம்.

இறுதியாக, தாண்டிச் செல்லுங்கள் என்போருக்கு ஒன்று. லபூனின் கதை 12-ஆம் தொகுதியில் உள்ளது. அது முதலில் வெளிவந்தது 1999-இல். அக்காலத்து வாசகர், திமிங்கிலத்தைக் கைவிட்டு ஓடியவரை வெறுத்துவிட்டு, எட்டாண்டு வேறு வேறு கடல்களிற் சென்றனர். பின்னர் 2007-இல் ஓர் எலும்புக் கூடு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. அவர் ஓடவில்லை, மாண்டார் என்று தெரிந்தது. எட்டாண்டு ஒரு பொய்ப்பழியை மனத்திற் சுமந்தவர்க்கன்றோ அது நீங்கும் கணத்தின் அருமை தெரியும்? சுருக்கங்களையும் சலனப்படத் துணுக்குகளையும் கண்டு கதை தெரிந்துகொள்வோர்க்கு இது கிட்டாது. லபூன் இன்னும் உயிரோடு காத்திருக்கிறது என்று லூஃபி சொல்லக் கேட்டு முதியவர் அழும் பக்கமும் அவர்க்கு ஒரு செய்தியே. அப்போதும் அவர் உடனே பின்னோக்கிச் செல்லவில்லை. உலகைச் சுற்றி வருவோம் என்று சொன்னதனால், சுற்றி முடித்து அச்சுவரின் மறுபுறத்திலிருந்தே லபூனை முகமுகமாய்க் காண்பேன் என்று புதிய கப்பலில் ஏறுகிறார்.

நூல்நிலையங்களுக்கு இக்கதையை வாங்குவோர் பணப்பற்றாக்குறையாற் சில தொகுதிகளை மட்டும் தெரிந்தெடுப்பதுண்டு. பேய்க் கப்பற் பகுதியின் ஐந்து தொகுதிகளை வாங்குமிடத்து 12-ஆம் தொகுதியையும் சேர்த்து வாங்குமாறும், அதனை அலமாரியில் 46-ஆம் தொகுதிக்கு முன் வையாமல் அதற்குரிய இடத்திலேயே, நடுவே முப்பத்துமூன்று தொகுதிகளின் இடைவெளி தெரிய வைக்குமாறும் வேண்டுகின்றோம்.